விரல் தொட்டதும்

எண்பதுகளில் மலேசியாவின் கிந்தா பள்ளத்தாக்கு ரப்பர் தோட்டங்களில், திருவிழாவுக்குக் கொடி ஏறும் முன்பே ஒலிபெருக்கிக் குழாய்கள் மரத்தில் ஏறிவிடும். கோயில் முன்னால் தென்னையில் ஒன்று, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக் கம்பத்தில் ஒன்று, லயத்துக் கோடியில் இன்னொன்று. ஆம்ப்ளிஃபயரையும் மிக்சரையும் ஒரு மேசையில் அடுக்கி, மேலே மழைக்குத் தார்ப்பாய் கட்டிவிட்டால் வேலை தொடங்கியாயிற்று. அந்தச் சாமான்கள் எல்லாம் குனோங் ராபாட்டிலிருந்து ஒரு பழைய லாரியில் வரும். லாரிக்குச் சொந்தக்காரரை வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லாரும் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவோம். சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில், ஹியோங் பியா பிஸ்கட் சுடும் மணம் எட்டும் ஒரு தெருவில் அவர் வீடு. பள்ளியை முடித்த கையோடு நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ஒயரை முறுக்கு விழாமல் சுருட்டக் கற்றுக்கொண்ட பிறகுதான் மிக்சரைத் தொட விட்டார்.

அந்த மிக்சரில் எட்டு சேனல். சேனலுக்கு ஒரு ஃபேடர், அதாவது மேலும் கீழும் தள்ளும் குமிழ். உள்ளே ஒரு கார்பன் பட்டை, அதன்மேல் உரசிக்கொண்டு போகும் ஓர் உலோக நாக்கு, கொஞ்சம் கிரீஸ். அவ்வளவுதான் அதன் அமைப்பு. ஆனால் வருடக்கணக்காகத் தோட்டத் தூசியும் மழை ஈரமும் பட்டு, எட்டுக் குமிழுக்கும் எட்டுக் குணம் வந்துவிட்டது. ஒன்று பாதி வழியில் கரகரக்கும், ஒன்று கடைசிவரை இறுக்கமாகவே போகும், வேறொன்று விரல் பட்டாலே வழுக்கி ஓடும். அண்ணன் மிக்சரைப் பார்ப்பதே இல்லை. அவர் கண் மேடையில் இருக்கும்: பாடுகிறவர் மைக்கை வாயிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிப் பிடிக்கிறார், உறுமிக்காரர் வளைந்த குச்சியைத் தோலில் எவ்வளவு அழுத்தித் தேய்க்கப் போகிறார் என்று. உறுமி உறுமுவதற்கு முன்பே அவர் விரல் அதன் குமிழைக் கால் அங்குலம் இறக்கியிருக்கும். எந்தக் குமிழில் கை இருக்கிறது என்று அவருக்கு அந்த இறுக்கமே சொல்லிவிடும்.

இந்தக் கை அவருக்கு மிக்சரிலிருந்து வந்ததல்ல, பால்மரத்திலிருந்து வந்தது. கோப்பேங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பத்து வயதிலேயே விடியும் முன் அம்மாவோடு நிரைக்குப் போனவர். பால்வெட்டை வெறும் கத்தி வேலை என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை ஜெபோங் கத்தியைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். பால் ஓடும் குழாய்கள் உள்பட்டையில்தான் நெருக்கமாக இருக்கும். அதையும் தாண்டினால் காம்பியம் என்னும் மெல்லிய வளர்படலம். கத்தி அதற்கு ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை மில்லிமீட்டர் முன்னால் நின்றுவிட வேண்டும். மேலோட்டமாகச் சீவினால் பால் குறையும். ஆழம் போனால் மரம் காயப்பட்டு, ஆறிய இடம் முண்டும் முடிச்சுமாகி, அடுத்த சுற்றில் அங்கே கத்தி ஓடாது. இந்தக் கணக்கையெல்லாம் தலைவிளக்கின் மங்கல் வெளிச்சத்தில், ஒரு காலையில் நானூறு ஐந்நூறு மரத்துக்குச் செய்ய வேண்டும். கண்ணால் அளக்க வழியில்லை. பட்டையின் எதிர்ப்பு மாறுவதைக் கத்திப்பிடி வழியாக மணிக்கட்டு உணர்கிறது, உடனே அழுத்தம் தளர்கிறது. மரம் சொல்ல, கை கேட்கும் வேலை அது.

1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை நொறுங்கி ஈப்போவைச் சுற்றியிருந்த சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. ரப்பர் தோட்டங்களும் செம்பனைக்கு மாறின, துண்டு போட்டு விற்கப்பட்டன, வீட்டுமனைகளாயின. லயத்துச் சனங்கள் புந்தோங்குக்கும் குனோங் ராபாட்டுக்கும் தாமான் குடியிருப்புகளுக்கும் குடிவந்தார்கள். பால் வாளி தூக்கிய பெண்களின் பிள்ளைகள் ஃபேக்டரி பஸ் ஏறினார்கள். ஈப்போவில் 1972 முதல் கார்செம், பிறகு சிம்பாங் பூலாயில் யுனிசெம் என்று சில்லுகளை உறையிட்டுச் சோதிக்கும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அப்படி ஒரு தொழிற்சாலையில் வெள்ளை அங்கி போட்டு வேலை பார்த்தவள்தான் என் தங்கை. அவள் மகனைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டும்.

தானாக நகரும் ஃபேடர் அதற்குள் உலகத்தில் வந்துவிட்டிருந்தது. எழுபதுகளின் பின்பகுதியில் இங்கிலாந்தின் நீவ் நிறுவனம் ‘நெகாம்’ என்ற ஏற்பாட்டைச் செய்தது. பாடலைக் கலக்கும்போது கை நகர்த்தியதையெல்லாம் கணினி நினைவில் வைத்து, அடுத்த முறை மோட்டார்கள் அதே நகர்வைத் திரும்பச் செய்யும். லண்டன் ஏர் ஸ்டூடியோ போன்ற பெரிய இடங்களில்தான் அதைப் பார்க்க முடிந்தது. 1995-இல் யமஹா 02ஆர் வந்த பிறகு நடுத்தர ஸ்டூடியோக்களுக்கும் அது எட்டியது. 2012-இல் பெரிங்கர் எக்ஸ்32 வந்தபோதுதான் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் சவுண்ட் போடும் எங்களைப் போன்றவர்கள் விலை கேட்கும் நிலை ஏற்பட்டது. அதில் 32 மைக் உள்ளீடுகள், மோட்டார் வைத்த ஃபேடர்கள் 25.

கடைகளில் தனியாகவும் இந்த மோட்டார் ஃபேடர் கிடைக்கிறது. ஜப்பானின் ஆல்ப்ஸ் நிறுவனம் செய்வது நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. குமிழ் ஓடும் தூரம் 100 மில்லிமீட்டர். ஒரு முனையில் கட்டைவிரல் பருமனில் ஒரு டிசி மோட்டார். அது ஒரு பெல்ட்டை இழுக்க, பெல்ட்டோடு குமிழ் நகரும். குமிழ் எங்கே நிற்கிறது என்பதைப் பழைய மாதிரியே ஒரு மின்தடைப் பட்டை சொல்லும். நினைத்த இடமும் நிற்கும் இடமும் ஒன்றாகும்வரை மோட்டார் தள்ளும். மிக்சரில் ஒரு பொத்தானை அழுத்தினால், ஒன்றிலிருந்து பதினாறு வரையிலான சேனல்களைக் காட்டிய குமிழ்கள் அடுத்த பதினாறுக்கு உரிய இடங்களுக்குச் ‘சர்’ரென்று ஓடி நிற்கும்.

நான் இதை மனதாரப் பாராட்டுகிறேன். பதினாறு குமிழை வைத்துக்கொண்டு முப்பத்திரண்டு சேனலைக் கையாள முடிவது எங்கள் தொழிலில் பெரிய விடுதலை. நாதஸ்வரமும் தவிலும் ஒரு அடுக்கில், இசைக்குழு இன்னொரு அடுக்கில். மாலையில் ஒத்திகை பார்த்த அளவு இரவில் அப்படியே திரும்பி வருகிறது. குமிழ் பொய் சொல்வதில்லை.

அண்ணனுக்குச் சர்க்கரை. அது முதலில் கால் விரலைத் தொட்டது, பிறகு விழித்திரையை. லேசர் சிகிச்சை, ஊசி எல்லாம் பார்த்தும் சில ஆண்டுகளில் வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரிகிற நிலைக்கு வந்துவிட்டார். காது பழுதில்லை. இன்றைக்கும் கூட்டத்தில் எந்த ஸ்பீக்கரில் ட்வீட்டர் போயிருக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்வார். ஆனால் தொழில் அவரை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. மேடையோரம் ஒரு பெட்டி, கையில் ஒரு டேப்லெட், அதில் படமாக வரைந்த ஃபேடர்கள் என்று இப்போது பாதி நிகழ்ச்சிகள் நடக்கின்றன. கண்ணாடி எங்கே தொட்டாலும் ஒரே வழவழப்பு. ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தக் கண்ணாடியைச் சும்மா தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மோட்டார் ஃபேடர் இருக்கும் மிக்சரில் அவரை உட்காரவைத்தபோது முகம் மலர்ந்தது. எந்தச் சேனல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று விரலால் தடவித் தெரிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்:

“எங்க நிக்குதுன்னு தெரியுது தம்பி. உள்ள சத்தம் ஓடுதா, சிவப்புல அடிக்குதா, ஒண்ணும் தெரியலயே. கை வெச்சா செத்த மாதிரி கெடக்கு.”

அவர் சொன்னது பொறியியல் உண்மை. பல மோட்டார் ஃபேடர்களின் குமிழில் மின்கடத்தும் பூச்சு உண்டு. விரல் பட்ட நொடியில் மிக்சர் அதை உணர்ந்து மோட்டாரை விட்டுவிடும். விடத்தான் வேண்டும். இல்லாவிட்டால் மனிதர் ஒரு பக்கம் தள்ள, மோட்டார் மறுபக்கம் இழுக்க, பெல்ட் தேய்ந்து மோட்டார் சூடேறும். ஆக, இந்தக் கருவி கை இல்லாதபோது உயிரோடு இருந்து, கை வந்ததும் ஒதுங்கிக்கொள்ளும்படி செய்யப்பட்டிருக்கிறது. கண் உள்ளவருக்கு அது குறையே இல்லை, விளக்குகள் பார்த்துக்கொள்ளும். அண்ணனுக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது: விரல் தொட்டதும் பேசத் தொடங்கும் ஒன்று.

தங்கை மகன் உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். 1969-இல் தொடங்கிய, நாட்டின் முதல் பாலிடெக்னிக் நம்ம ஈப்போவில்தான் இருக்கிறது என்பதில் எனக்கு எப்போதும் பெருமை. அவனிடம் அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன். “மாமா, கடை ஃபேடர் வேணாம். நானே ஒண்ணு செஞ்சு தரேன்” என்றான்.

அவன் செய்தது என்ன என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். முதலில் மோட்டார். ட்ரோன் கேமரா ஆடாமல் தாங்கிப் பிடிக்கும் கிம்பலில் ஒரு தட்டையான ப்ரஷ்லெஸ் மோட்டார் இருக்கும். வேகமாகச் சுற்றுவது அதன் வேலை இல்லை, மெதுவாக, பதமாக விசை தருவதுதான் வேலை. பல்சக்கரம் இல்லாததால் கையால் திருப்பினால் தடையில்லாமல் திரும்பும். அதன் அச்சின் முனையில் ஒரு சின்னக் காந்தம். அதற்கு எதிரே ஒரு காந்த உணரிச் சில்லு, ஒரு சுற்றை 4096 பங்காகப் பிரித்துப் படிக்கும். முப்பரிமாண அச்சு எந்திரத்துக்கு விற்கும் பல்பெல்ட்டையும் தண்டவாளத்தையும் வாங்கி, மோட்டாரில் இருபது பல் சக்கரம் மாட்டினான். பல்லுக்குப் பல் 2 மில்லிமீட்டர், எனவே ஒரு சுற்றுக்கு 40 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: குமிழ் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நகர்ந்தாலே கருவிக்குத் தெரிந்துவிடும். சாமான்கள் ஷாப்பி இணையக் கடையிலிருந்து வந்தன. குமிழ் மட்டும் பழைய எட்டு சேனல் மிக்சரிலிருந்து பிடுங்கியது. அந்தக் குமிழ்தான் வேண்டும் என்று அண்ணன் பிடிவாதமாக இருந்தார். அதன் நடுவில் ஒரு குறுக்குப் பள்ளம் உண்டு, விரல் நுனி அதில் சரியாக அமரும்.

மற்றது நிரல். சிம்பிள்ஃபாக் என்ற திறந்தமூல நிரல் தொகுப்பு ப்ரஷ்லெஸ் மோட்டாரின் மூன்று சுருளுக்கும் எவ்வளவு மின்னோட்டம் என்று கணக்கிடுகிறது. அதற்கு மேல் மருமகன் எழுதியது ஒரு எளிய விதி: குமிழ் இந்த இடத்தில் இருந்தால் இவ்வளவு விசை, இந்தப் பக்கம். பூஜ்ஜியம் டெசிபெல் புள்ளி ஃபேடரில் ஏறக்குறைய முக்கால் உயரத்தில் வரும். குமிழ் அதை நெருங்கினால் மெல்ல உள்ளே இழுக்கும்படியும், விலகினால் பிடித்து நிறுத்தும்படியும் எழுதினான். தண்டவாளம் நேர்க்கோடு, அதில் பள்ளம் எதுவும் கிடையாது. ஆனாலும் விரல் ஒரு பள்ளத்தில் விழுந்து ஏறுகிறது. கடைசி முனையில் ரப்பர் சுவரில் மோதுவதுபோல் எதிர்க்கச் சொன்னால் எதிர்க்கிறது. இந்தக் கணக்கை நொடிக்கு ஆயிரம் முறையாவது செய்ய வேண்டும். அதைவிட மெதுவானால் சுவர் சுவராக இருக்காமல் கையில் கடகடவென்று நடுங்கும்.

சிக்கல் இல்லாமல் இல்லை. மோட்டாரின் உள்காந்தங்களே சின்னச் சின்ன பொய்ப் பள்ளங்களாக விரலில் பட்டன. அண்ணன் விரல் அவற்றை உடனே பிடித்தது, எங்கள் விரலுக்குத் தெரியவே இல்லை. அந்தத் தடங்களை அளந்து எதிர்விசை போட்டு அழிக்க வேண்டியிருந்தது. குமிழைத் தொடர்ந்து பிடித்து நிறுத்தினால் மோட்டார் சூடாகும். அச்செடுத்த முதல் தாங்கி பிஎல்ஏ நெகிழியில் ஆனது. 60 டிகிரி செல்சியஸை நெருங்கினால் அது இளகிவிடும் என்பதால், பிறகு பிஇடிஜி நெகிழிக்கு மாறினான்.

இந்தப் பாதையில் முன்னால் நடந்தவர்கள் நிறையப் பேர். பிரான்ஸின் கிரனோபிள் நகரில் 1976-இல் தொடங்கிய அக்ரோ ஆய்வு அமைப்பில் குளோட் கடோஸ் முதலானோர், கணினி இசைக்கருவி வாசிப்பவர் கையை எதிர்த்துத் தள்ள வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே விசை தரும் கருவிகளைச் செய்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் பில் வெர்பிளாங்கும் நண்பர்களும் பழைய ஹார்ட் டிஸ்கின் மோட்டாரைக் கழற்றி ‘பிளாங்க்’ என்ற கருவியாக்கி 2002-இல் காட்டினார்கள். எட்கர் பெர்டாலும் அலெக்ஸாண்ட்ரோஸ் கோண்டோஜியோர்ககோபூலோஸும் செய்த ‘ஃபயர்ஃபேடர்’ எனக்கு இன்னும் பிடிக்கும். அவர்கள் எடுத்தது கடையில் கிடைக்கும் அதே மோட்டார் ஃபேடரைத்தான். ‘இந்த இடத்துக்குப் போ’ என்று சொல்வதை நிறுத்தி, ‘இந்த விசையோடு தள்ளு’ என்று ஓட்டினார்கள். கட்டளை மாறியதும் அதே சாமான் வேறு கருவியாகிவிட்டது. 2022-இல் ஸ்காட் பெசெக் வெளியிட்ட ‘ஸ்மார்ட்நாப்’ என்ற சுழல்குமிழின் வரைபடமும் நிரலும் எல்லாருக்கும் திறந்திருக்கின்றன. மருமகன் தொடங்கியது அதைப் படித்துத்தான்.

எங்கள் தேவைக்கு மிக நெருக்கமானது லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் அட்டாவ் தனக்காவும் ஆடம் பார்க்கின்சனும் செய்த ‘ஹாப்டிக் வேவ்’. பார்வை இழந்த ஒலிப்பதிவாளர்களோடு உட்கார்ந்து பேசி, அவர்களுக்காகவே செய்து, 2016-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். குமிழை இடவலமாக நகர்த்தினால் பதிவின் காலத்தில் முன்னும் பின்னும் போகலாம். அந்தந்த நொடியில் ஒலி எவ்வளவு உயரம் என்பதை ஒரு மோட்டார் ஃபேடர் ஏறி இறங்கி விரலில் சொல்லும். திரையில் அலைக்கோடாகக் கண் பார்ப்பதை விரல் தடவிப் படிக்கிறது. இதை அறிந்தபோது அண்ணனைப் போல எத்தனை பேர் தொழிலின் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள் என்று நினைத்து மனம் கனத்தது, யாரோ அவர்களை நினைத்து உழைத்திருக்கிறார்கள் என்று நிறைந்தும் போனது.

எங்கள் கருவியில் ஒரே ஒரு குமிழ்தான். இடது கையில் எண்பலகை. அண்ணன் ஏழை அழுத்தினால் குமிழ் ஏழாவது சேனல் நிற்கும் இடத்துக்குத் தானாக ஓடி நிற்கும். அந்த வேலையைக் கடை ஃபேடரும் செய்யும். விரல் வைத்த பிறகு நடப்பதுதான் வேறு. அந்த மைக்கில் சத்தம் இருந்தால் குமிழில் மெல்லிய அதிர்வு ஓடுகிறது, அளவு ஏற ஏற அதிர்வு தடிக்கிறது. சிவப்பைத் தொடப் போனால் குமிழ் கீழ்நோக்கி ஒரு சின்னத் தள்ளு தள்ளுகிறது. மேலே தள்ள விடாமல் தடுப்பதில்லை, எச்சரிக்கிறது. முடிவு அண்ணன் கையில்.

முதல் நாள் குனோங் ராபாட் வீட்டு ஹாலில் அவர் விரல் அந்தக் குமிழின் பள்ளத்தில் அமர்ந்தது. நான் மைக்கில் ‘செக், செக்’ என்றேன். அவர் கையை எடுக்கவில்லை. மெல்ல ஏற்றினார், பூஜ்ஜியத்தில் குமிழ் விழுந்ததும் நிறுத்தினார், திரும்ப இறக்கினார். “பட்டை தெரியுது” என்றார். நான் விளங்கிக்கொண்டேன். மருமகன் பால்மரத்தைப் பார்த்து வளர்ந்தவன் இல்லை. அவனுக்கு அவரே விளக்கினார், கையைக் கத்தி பிடிப்பதுபோல் வைத்துக்கொண்டு.

இவ்வளவு சொன்ன பிறகும் திருவிழா மேடையில் நான் நம்பி வைப்பது கடை மிக்சரைத்தான். மழைச் சாரல், மஞ்சள் தூள், ஜெனரேட்டரின் ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் தாங்கி விடிய விடிய நிற்கும் உழைப்பு அதற்கு உண்டு. பழுதானால் உதிரி கிடைக்கும். இருபத்தைந்து குமிழை ஒரே பார்வையில் பார்க்கவும், பத்து விரலாலும் ஒரே நேரத்தில் பிடிக்கவும் அது விடும். எங்கள் கருவியில் பெல்ட் தளரும், ஒயர் ஆடும், மருமகன் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். ஆனால் கடை மிக்சர் எல்லாருக்கும் என்று செய்யப்பட்டது, அந்த எல்லாருக்குள் அண்ணன் இல்லை. ஒருவர் கைக்காகவே ஒரு பொருள் செய்ய முடியும், அதையும் குனோங் ராபாட்டில் ஒரு சாப்பாட்டு மேசையில் வைத்துச் செய்ய முடியும் என்பது எண்பதுகளில் எங்களில் யாரும் கனவிலும் காணாதது. பெரிய நிறுவனங்கள் மோட்டாரையும் பெல்ட்டையும் தொடு உணரியையும் ஏற்கெனவே வைத்திருக்கின்றன. விரல் பட்டதும் மோட்டாரை விட்டுவிடாமல் கொஞ்சம் பேசவிடுவதற்குப் பெரும்பாலும் நிரல்தான் மாற வேண்டும். அதை அவர்கள் செய்ய வேண்டும் என்று உரக்கக் கேட்க எனக்குத் தயக்கம் இல்லை.

வருகிற ஆடித் திருவிழாவுக்கு இரண்டும் ஒரே மேசையில் இருக்கும். மிக்சரில் நான், பக்கத்தில் அண்ணன். நாதஸ்வரமும் உறுமியும் அவர் பொறுப்பு. போன வாரம் மருமகனை உட்காரவைத்து அவர் சொல்லிக்கொண்டிருந்தார்:

“பாடுறவங்களுக்கு இந்த நடுக்கம் சரி. உறுமிக்கு இது ஆகாது.”

“உறுமிக்கு எப்படி வேணும்?”

அண்ணன் அவன் வலது கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலை மேசை விளிம்பில் அழுத்தி, இழுத்து விட்டு இழுத்து விட்டுத் தேய்த்தார். “இப்படி. ஒட்டிக்கிட்டு வந்து, டக்குனு விடணும். திரும்ப ஒட்டணும்.” அவன் இன்னொரு முறை செய்யச் சொல்லி, இந்தத் தடவை ஒட்டும் தூரத்தை அளக்க ஸ்கேலை எடுத்து வைத்தான்.